குன்றி எடைக் கிழங்கு

செங்காந்தள் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக் கிழங்கு என்றால் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிக்கும் விதை வியாபாரிக்கும் தெரியும். கலப்பைக் கிழங்கு என்றால் மருந்து அரைக்கிற எங்களுக்கும் நாட்டு மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும். ஈழத்தில் அது கார்த்திகைப்பூ, சிங்களத்தில் நியங்கலா, வடமொழி மருத்துவ நூல்களில் லாங்கலி. இத்தனை பெயரும் ஒரே கொடிக்கு என்பது இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பல பத்தாண்டுகள் சரக்கோடு புழங்கியவனுக்கு இது வெறும் பெயர்க் குழப்பமாகப் படுவதில்லை. பூவைக் கொண்டாடுகிறவர் அதன் நஞ்சை அறியார். விதையை நிறுத்து வாங்குகிறவர் அது எந்த மருந்தாகிறது என்று கேட்பதில்லை. மருந்து விற்கிறவரோ அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நான் எடுத்துக்கொள்வது இந்தக் கடைசி அறியாமையை. கலப்பைக் கிழங்கில் நஞ்சு ஒரு சரக்கு, மருந்து இன்னொரு சரக்கு என்று இரண்டு கிடையாது. இருப்பது ஒன்று. பழைய வைத்தியர்கள் அதைக் கூடுமானவரை உடம்புக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே கொடுத்தால் குன்றி எடையில் கொடுத்தார்கள். அந்தப் பயத்தை விட்டுவிட்டு மருந்தை மட்டும் பரம்பரைச் சொத்தாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் கட்சி.

கொடியைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அது தன்னை மறைத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும். தனியாகப் பற்றுக்கம்பி எதுவும் விடாது. இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பிடித்துக்கொள்ளும். மொட்டு விரியும்போது இதழ்கள் பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக, கடைசியில் முழுச் சிவப்பு. ஆறு இதழும் பின்னோக்கி வளைந்து நெளிந்து நிற்பதைத்தான் சங்கப் புலவர்கள் பெண்களின் விரலாகக் கண்டார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசையில் முதலில் நிற்பது இது. மண்ணுக்குள் கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்து, கலப்பையின் வளைவோடு கிடக்கும். தமிழில் கலப்பைக் கிழங்கு, வடமொழியில் லாங்கலி, இரண்டும் ஏரைப் பார்த்து வைத்த பெயர்கள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது முறிந்தால் அந்தக் கை முளைக்காது. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையில் கண்வலிப்பூ என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். கண் வலிக்காது. ஆனால் குழந்தைகள் பூவைப் பறிக்காமலிருக்க அந்தக் கதை உதவியிருக்கும். அதைக் கட்டிவிட்ட பாட்டி யாரோ, கெட்டிக்காரி.

பழைய மருத்துவம் இந்தக் கிழங்கை எங்கே வைத்திருந்தது என்று பார்க்க வேண்டும். ஆயுர்வேத நூல்கள் இதை உபவிஷங்களில் சேர்த்தன. எருக்கு, கள்ளி, அலரி, குன்றி, ஊமத்தை, அபின் இவற்றோடு ஒரே வரிசையில் லாங்கலியும் உட்கார்ந்திருக்கிறது. பயன்பாட்டைத் தொகுத்துப் பார்த்தால் பெரும்பகுதி வெளிப்பூச்சு. கண்டமாலைக்கான நிர்குண்டித் தைலத்தில் இதன் கற்கம் சேரும். மூலத்துக்குப் பூசும் காசீசாதித் தைலத்தில் சேரும். தேள், பூரான் கடித்த இடத்தில் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். தலையில் பேன் மண்டினால் இலைச்சாறு. மாட்டுக்குப் புழு என்றால் அதற்கும் இது. பிரசவம் நீண்டுபோனால் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் தடவுவது வழக்கமாக இருந்தது. கருவை வெளியே தள்ளுவது என்ற பொருள்படும் பெயர் ஒன்றும் வடமொழியில் இதற்கு உண்டு. உள்ளங்கால் தோலின் தடிப்பைத் தாண்டி எவ்வளவு மருந்து இறங்கியிருக்கும் என்பது சந்தேகம்தான். அந்தப் பூச்சு வேலை செய்ததா என்பதைவிட, அவசரத்திலும் அதைக் குடிக்கக் கொடுக்காமல் காலில் தடவத் துணிந்த புத்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடிக்கக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். கருக்கலைப்புக்காக உள்ளே போன கிழங்கு தாயையும் சேர்த்துக் கொண்டுபோனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

இந்தக் கிழங்குக்குள் இருப்பதை ரசாயனம் கண்டுபிடித்தது சுற்றி வளைத்து. ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கால்ச்சிகம் என்ற கிழங்குச் செடியிலிருந்து 1820-ல் பிரான்சின் பெல்லெத்தியேவும் கவாந்துவும் ஒரு சத்தைப் பிரித்தார்கள். 1833-ல் ஜெர்மனியின் கைகர் அதற்குக் கால்ச்சிசின் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் இருந்த வார்டன் 1880-ல் நம் கிழங்கிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்து, அது தனி நஞ்சு என்று கருதி சூப்பர்பின் என்றார். 1915-ல் லண்டனில் கிளூவர், கிரீன், டுட்டின் மூவரும் திரும்ப ஆராய்ந்தபோது அதிலும் கால்ச்சிசின் இருப்பது தெரிந்தது. அது உடம்பில் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு உயிரணு இரண்டாகப் பிரியும்போது மரபுச் சரங்களை இரு பக்கமும் இழுத்துப் போக நுண்ணிய இழைகள் கட்டப்படும். கால்ச்சிசின் அந்த இழைக்குரிய செங்கல்லோடு ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்திவிடும். வெள்ளையணுக்கள் வீங்கிய மூட்டை நோக்கி ஓடுவதற்கும் அதே இழைகள் வேண்டும். அவற்றை முடக்குவதால் கீல்வாயு வலி தணிகிறது. அதே முடக்கம் அளவு மீறினால், உடம்பில் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் இடங்கள் முதலில் அடி வாங்கும்: குடலின் உட்தோல், எலும்பு மச்சை, மயிர்க்கால். மருந்தாக வேலை செய்வதும் நஞ்சாகக் கொல்வதும் ஒரே கை. 1937-க்குப் பிறகு பயிர் ஆராய்ச்சியாளர்கள் மரபுச் சரங்களை இரட்டிப்பாக்கப் பயன்படுத்துவதும் இதைத்தான். விதையில்லாத் தர்பூசணியைக் கடிக்கும்போது அதன் பின்னால் கால்ச்சிசின் இருப்பது யாருக்கு நினைவு வரும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சித்த முறையில் ஒரு குன்றி எடை ஏறக்குறைய 130 மில்லிகிராம். குன்றிமணியும் ஒரு நஞ்சுக் கொடியின் விதை என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். ஒரு நஞ்சை நிறுக்க இன்னொரு நஞ்சைத் தராசில் வைத்திருக்கிறார்கள். உலர்ந்த கிழங்கில் கால்ச்சிசின் பொதுவாக நூற்றுக்கு 0.1 முதல் 0.3 வரை இருக்கும். அப்படியானால் ஒரு குன்றி எடைத் தூளில் 0.13 முதல் 0.39 மில்லிகிராம் வரை. இன்று மருந்துக் கடையில் விற்கும் கால்ச்சிசின் மாத்திரை 0.5 மில்லிகிராம். கீல்வாயு வலி வந்த முதல் நாளில் கொடுப்பது மொத்தம் 1.8 மில்லிகிராமுக்குள் என்பது இப்போதைய முறை. குன்றி எடை என்ற பழைய வரம்பு அந்த மாத்திரைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. தராசு தெரிந்தவர்கள் அவர்கள். சென்னை மருத்துவர் மொய்தீன் ஷெரீப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கிழங்கைச் சிறு அளவில் தாமே உட்கொண்டு பார்த்து, ஊர் பயப்படும் அளவுக்கு இது நஞ்சல்ல என்று எழுதினார். கிழங்கு ஆபத்தில்லை என்பதற்குச் சாட்சியாக இன்றும் அதை எடுத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. அக்கால மருத்துவர்களின் நிறுவையில் பத்து கிரெயின் என்றாலும் 650 மில்லிகிராம், நூற்றுக்கு 0.2 என்று வைத்தால் அதில் 1.3 மில்லிகிராம் கால்ச்சிசின். இன்றைய மருந்தளவுக்குள் அடங்கிவிடுகிறது. ஷெரீப் சொன்னதில் பொய்யில்லை, அவர் எடுத்த அளவில் அது நஞ்சில்லைதான். அந்தச் சாட்சியம் அளவுக்குக் கட்டுப்பட்டது. அளவை உருவிவிட்டு முடிவை மட்டும் மேற்கோள் காட்டினால் அது வேறு சாட்சியம் ஆகிவிடுகிறது. இதே கொடியில் இடத்துக்கு இடம் சத்து மூன்று மடங்கு கூடவோ குறையவோ இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டைக் கிழங்கில் சரியாக இருந்த அளவு, அடுத்த மூட்டையில் மூன்று மடங்காகலாம். பார்வையிலோ வாசனையிலோ அது தெரியாது.

இங்கே எங்கள் வட்டாரத்திலிருந்து உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு: சுத்தி செய்தால் நஞ்சு போய்விடுமே? சுத்தி என்பது வீண் சடங்கு என்று நினைக்கிற கட்சி நான் அல்ல. 1890-களில் வெளியான பார்மகோகிராஃபியா இண்டிகா என்ற பெருநூல் தென்னாட்டு வைத்தியர்கள் செய்த முறையை எழுதி வைத்திருக்கிறது. கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவிட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, இப்படி நான்கைந்து நாள். ஆயுர்வேதத்தில் மோருக்குப் பதில் கோமியம். இந்த முறையை ரசாயனக் கண்ணால் பார்த்தால் மதிப்பு கூடுகிறது. கால்ச்சிசின் தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆகவே வில்லை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு வேகமாகச் சத்து மோருக்குள் இறங்கும். ஒரே மோரில் ஐந்து நாள் கிடந்தால் ஒரு கட்டத்தில் உள்ளும் வெளியும் சமமாகி நின்றுவிடும். தினமும் வெளியே எடுத்துக் காயவைத்துப் புது மோரில் போடுவதால் இறங்குவது தொடர்கிறது. வெளிச்சம் பட்டால் கால்ச்சிசின் வீரியம் குறைந்த வேறொரு பொருளாக மாறும் தன்மையுள்ளது, வெயிலும் தன் பங்குக்கு ஏதோ செய்திருக்கும். ஆனால் இவை அனைத்தும் சொல்வது ஒன்று: சுத்தி நஞ்சைக் குணம் மாற்றிவிடுவதில்லை, குறைக்கிறது. குறைந்தது எங்கே போயிற்று? மோருக்குள். அந்த மோரை மாட்டுத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று தெரிந்த கைதான் சுத்தியைப் புரிந்துகொண்ட கை. நஞ்சு மாயமாகிவிட்டது என்று நம்புகிறவர் அந்த மோரைக் கொல்லையில் எங்கே வேண்டுமானாலும் ஊற்றுவார். எவ்வளவு குறைந்தது என்பதும் கையின் பக்குவத்தைப் பொறுத்தது. விரல் தடிமனில் நறுக்கியவரும் தாள் தடிமனில் நறுக்கியவரும் சுத்தி செய்தோம் என்றே சொல்வார்கள். இயந்திரத்தில் நறுக்கி, பீப்பாயில் ஒரே முறை ஊறவைத்து, உலர்த்தும் அறையில் வாட்டுகிற இன்றைய பெருந்தயாரிப்பில் சுத்தி என்ற சொல் மிஞ்சியிருக்கிறது. ஐந்து மோரும் ஐந்து வெயிலும் மிஞ்சவில்லை. பழைய முறையை விட்டவர்கள் அதற்கு ஈடாக ஆய்வகச் சோதனையை எடுத்திருந்தால் குறை சொல்ல மாட்டேன். பலர் இரண்டையுமே எடுக்கவில்லை.

வேகவைத்தால் போய்விடும் என்ற நம்பிக்கை இதைவிடப் பொல்லாதது. மரவள்ளியின் நஞ்சு வெந்தால் பெரிதும் போய்விடுவதால் எல்லாக் கிழங்குக்கும் அதுவே விதி என்று நினைத்துவிடுகிறோம். கால்ச்சிசின் அடுப்புச் சூட்டுக்கு மசிவதில்லை. இலங்கையில் இந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று ஆபத்துக்குள்ளானவர்களின் கதைகள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு. இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்குக் கொடியின் பருவமே பதில். கார்த்திகையோடு பூ ஓய்ந்து, தை, மாசியில் கொடி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். அடையாளம் காட்டும் பூவோ சுருண்ட இலை நுனியோ அப்போது இருக்காது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நம் ஊர்களில் பொங்கலையொட்டி வள்ளிக் கிழங்கும் சிறுகிழங்கும் தோண்டுகிற காலமும் அதுதான். வேலியோரம் மண்வெட்டியில் மாட்டுகிற வெள்ளைச் சதைக் கிழங்கு எது என்று சொல்ல அந்தக் கலப்பை வளைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. பூவுக்கு வைத்த அழகான பெயர்கள் அங்கே உதவாது. உழவன் வைத்த பெயர் உதவும்.

அடுத்த மறுப்பு, தாத்தா காலத்தில் எந்தச் சோதனையும் இல்லாமல் கொடுத்தார்களே என்பது. கொடுத்தார்கள். யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். வைத்தியர் நாடி பார்த்த நோயாளி பெரும்பாலும் அதே ஊர்க்காரர். மறுநாள் காலையில் வாசலில் வந்து நிற்பார், வயிறு இளகினால் அங்கேயே மருந்து நிறுத்தப்படும். இன்று அதே குளிகை கூரியரில் போகிறது. இதைவிடப் பெரிய மாற்றம் நோயாளியின் உடம்புக்குள் நடந்திருக்கிறது. கால்ச்சிசின் ஓரளவு சிறுநீரகம் வழியாகவும், மீதி ஈரல், பித்தம் வழியாகவும் வெளியேறும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்த அறுபது வயதுக்காரர் பழைய ஏட்டில் இல்லை. இன்று எங்கள் வாசலுக்கு வருகிறவர்களில் பலர் அவரே. தொண்டைப் புண்ணுக்கு எழுதித் தருகிற கிளாரித்ரோமைசின், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்றவை கால்ச்சிசின் வெளியேறும் வாசலை அடைத்துவிடும். அப்போது வழக்கமான மருந்தளவே உடம்பில் தேங்கி நஞ்சாகும். கிளாரித்ரோமைசினோடு சேர்ந்து உயிர்போன நிகழ்வுகள் ஏடுகளில் உண்டு. மூட்டு வலிக்கு ஆங்கில மருத்துவர் கொடுத்த கால்ச்சிசின் மாத்திரையை ஒரு பக்கம் விழுங்கிக்கொண்டு, பக்க விளைவில்லாத நாட்டு மருந்து என்று கலப்பைக் கிழங்குச் சரக்கை இன்னொரு பக்கம் சாப்பிடுகிறவர், ஒரே பொருளை இரண்டு பெயரில் சாப்பிடுகிறார். தாத்தாவுக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. அவர் சொன்ன அளவு அவர் காலத்து உடம்புக்கு.

தொழிலில் நடந்த இன்னொரு புரட்டலையும் சொல்லியாக வேண்டும். கிழங்கு ஒரு காலத்தில் வேலியிலும் காட்டோரத்திலும் தோண்டி வந்த சரக்கு. மூட்டை மூட்டையாக வராது, கூடையில் வரும். பிறகு கொங்கு நாட்டின் வறண்ட மேட்டு நிலங்களிலும், அரியலூர்ப் பக்கத்திலும், வேதாரண்யத்து மணலிலும் அது பயிராயிற்று. ஆடியில் கிழங்கு ஊன்றி, கிளுவை வேலியிலும் கம்பியிலும் படரவிட்டு, புரட்டாசி தொடங்கி விடிகாலையில் ஆட்கள் இறங்குவார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்குத்தாக மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கும். வண்டை நம்பினால் காய் குறைவு. ஆகவே ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் தொட்டு இன்னொரு பூவின் முனையில் வைக்க வேண்டும். ஒரு காட்டில் ஆயிரக்கணக்கான பூ, எல்லாம் சில வாரங்களுக்குள். தையில் காய் முதிர்ந்து வெடித்தால் ஆரஞ்சு நிற விதை. அந்த விதைதான் பணம். கிழங்கை யாரும் மருந்துக்காகத் தோண்டுவதில்லை, மறுநடவுக்கே தோண்டுகிறார்கள். விதை ஏற்றுமதியாகிறது, அல்லது உள்நாட்டு ஆலைகளில் சத்தாகப் பிரிகிறது. விலையோ ஊஞ்சல்: கிலோ ஆயிரங்களில் போன வருடமும் உண்டு, பயிரிட்ட செலவு தேறாத வருடமும் உண்டு. எந்த நாட்டில் எந்தக் கம்பெனி எவ்வளவு கேட்கிறது என்பது விளைவிக்கிறவருக்குத் தெரியாது. விலையைச் சொல்கிறவர் இடைத்தரகர் ஒருவரே. அரசு விலை நிர்ணயிக்க வேண்டும் என்ற கோரிக்கை மூலனூர்ப் பக்கத்தில் தீராத கோரிக்கை, நியாயமான கோரிக்கையும்கூட.

மருந்துக்காரனான எனக்கு இதில் உறுத்துவது வேறு. விதையில் கால்ச்சிசின் கிழங்கைவிடச் செறிவு. இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். நூல்கள் அளவு சொன்னது கிழங்குக்கு. விதையை எவ்வளவு, எதோடு, யாருக்கு என்று வகுத்துச் சொன்ன மரபு நமக்கு இல்லை. ஆனால் விதை மலிவாகக் கிடைக்கிற ஊர்களில் அதையும் தூளாக்கி மூட்டு வலி எண்ணெயில் போடலாம், உள்ளுக்கும் சாப்பிடலாம் என்ற யோசனைகள் கைபேசிக் காணொளிகளில் உலவுகின்றன, சித்தர் சொன்ன முறை என்ற முத்திரையோடு. எந்தச் சித்தரும் அப்படிச் சொல்லவில்லை. பரம்பரை என்ற சொல்லை ஒரு செடியின் எல்லா உறுப்புக்கும் போர்த்த முடியாது. கிழங்குக்குக் கிடைத்த நற்சான்றைக் காட்டி விதையை விற்பது, அண்ணன் படித்த பட்டத்தைத் தம்பி மாட்டிக்கொள்வது போல.

உடனே கேட்பார்கள்: ஆங்கில மருத்துவம் இதே கால்ச்சிசினைக் கொண்டாடவில்லையா? கொண்டாடுகிறது. கீல்வாயுவுக்கும், மத்தியதரைக்கடல் நாடுகளில் பரம்பரையாக வரும் ஒரு காய்ச்சலுக்கும், இதய உறை அழற்சிக்கும் கொடுக்கிறார்கள். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்க 0.5 மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. நம் முன்னோர் அறிந்ததை அவர்கள் இன்று கண்டுபிடித்தார்கள் என்று மார்தட்ட இதில் இடமில்லை. லாங்கலி நம் நூல்களில் கீல்வாயுவின் தலைமருந்தாக வரவில்லை, அந்த வழி ஐரோப்பியக் கால்ச்சிகத்தின் வழி. எனக்கு இதில் படிப்பினையாகத் தெரிவது, அந்த மருத்துவமும் அளவைக் கற்றுக்கொண்டது எவ்வளவு மெதுவாக என்பது. கீல்வாயுக்காரருக்கு வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்பதே அங்கே நெடுங்காலம் முறை. வயிறு இளகுவதுதான் அளவுகோல், அதாவது நஞ்சின் முதல் அறிகுறி வரும்வரை மருந்து. ஊசி வழியாக ஏற்றியதில் உயிர்கள் போய், 2008-ல் அமெரிக்கா அதை நிறுத்தச் சொல்லியது. கண்வலி விதையை மூலப்பொருளாகக் கொண்ட தயோகால்ச்சிகோசைடு என்ற தசைப்பிடிப்பு மாத்திரை இந்தியாவில் தாராளமாக விற்கிறது. 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை, அது உடம்பில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் மரபுச் சரங்களின் எண்ணிக்கையைக் கெடுக்கக்கூடும் என்று கண்டு, வாய்வழியாக ஏழு நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது, கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது என்று வரம்பு கட்டியது. தவறைக் கண்டால் அளவைத் திருத்தி எழுதுவது அங்கே நடக்கிறது. நாங்கள் கடைசியாக ஒரு ஏட்டில் அளவைத் திருத்தியது எப்போது?

நஞ்சேறினால் என்ன ஆகும் என்பதைத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் இது ஏமாற்றுகிற நஞ்சு. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தொண்டை எரிச்சல், வாந்தி, நிற்காத வயிற்றுப்போக்கு. ஏதோ கெட்டுப்போனதைச் சாப்பிட்டிருப்பார் என்று குளுக்கோஸ் ஏற்றினால், நீரிழப்பு சரியாகி ஆள் தெளிந்ததுபோல் இருப்பார். வெள்ளையணு எண்ணிக்கையும் அந்த நேரத்தில் கூடித்தான் இருக்கும். அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இரண்டாம், மூன்றாம் நாளில் மச்சை முடங்கி அணுக்கள் சரியும், ரத்தம் உறையாது, சிறுநீரகமும் இதயமும் தடுமாறும். முறிவு மருந்து இன்றுவரை கடையில் கிடையாது. பிரான்சில் 1995-ல் எதிர்ப்புரதம் ஒன்றை ஒரு நோயாளிக்குக் கொடுத்துக் காப்பாற்றியதாகப் பதிவு உண்டு, அது பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. தப்பித்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும், பிறகு மெல்ல முளைக்கும். 1966-ல் இலங்கையிலிருந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. மயிர்க்கால் மீது இந்த நஞ்சுக்குள்ள பிடியை அதைப் படித்தவர் மறக்க மாட்டார். வீட்டில் உப்புக் கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, மோர் கொடுப்பது, மிளகு கஷாயம் வைப்பது எல்லாம் நேரத்தைத் தின்கிற வேலை. மிச்சக் கிழங்கையோ கொடியையோ ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், குறைந்தது மூன்று நாள் படுக்கையில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதைச் சொல்வது சித்த மருத்துவத்துக்கு இழுக்கு என்று நினைக்கிற சக வைத்தியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு ஆபத்தான சரக்கைத் தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கொடியைத் தடை செய்ய முடியாது. வேதாரண்யம் தொட்டு யாழ்ப்பாணம் வரை மழை விழுந்தால் வேலியில் அதுவாக எழும்பும். பயிரைத் தடை செய்தால் வறண்ட நிலத்தில் வேறு வழியில்லாத குடும்பங்களின் வாயில் மண். வெளிப்பூச்சுத் தைலங்களைத் தடை செய்யவும் காரணம் இல்லை, புண்ணிலும் பிளந்த தோலிலும் தடவாமல், எழுதின அளவில் தடவும்வரை. மருந்துச் சட்ட விதிகளின் இ(1) அட்டவணையில் லாங்கலி ஏற்கெனவே நஞ்சாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில் அது சேர்ந்தால் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை மேலட்டையில் போட வேண்டும். சட்டத்தில் இதற்கு மேல் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு கொள்முதலிலும் ஒரு கைப்பிடி எடுத்துக் கால்ச்சிசின் அளவைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும், சுத்திக்கு முன்னும் பின்னும். திரவத்தைப் பிரித்தளக்கும் கருவி இருக்கிற எந்த ஆய்வகத்திலும் ஒரு நாள் வேலை. நாட்டு மருந்துக் கடையில் கலப்பைக் கிழங்கு சுக்கு, வசம்பு டப்பாக்களின் வரிசையில் இருக்கக் கூடாது. காய்ந்த வில்லை எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். உள் மருந்து கொடுக்கும் முன் சிறுநீரகம் எப்படி, வேறு என்ன மாத்திரை என்று இரண்டு கேள்வி. பிறகு அந்த எச்சரிக்கை வாசகம். அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்று விதி சொல்கிறது. மூலனூரிலும் முத்துப்பேட்டையிலும் டப்பாவை வாங்குகிறவருக்கு இரண்டுமே புரியாது. தமிழிலும் ஒரு வரி சேர்த்துப் போடுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.